பெட்டி இருக்கிறது, புத்தகம் எங்கே?

இந்தப் புதன்கிழமை எங்கள் சாந்தோம் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டோம். சும்மா இருந்திருக்கலாம்...

என் மனைவி ஸ்டெல்லா பங்குக் கோயில் திருவிழா மலரை அதில்தான் டைப் செய்கிறாள். சனிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போவதற்குள் ஒரு காபி குடித்துவிடலாம். அவ்வளவு வேகம்!

இத்தனைக்கும் வாங்கி மூன்று வருடம்தான். 286 என்று ஒரு சிப் - கம்ப்யூட்டரின் மூளை - வந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்றார்கள். 386 வந்தது. அப்போதும் அதையேதான் சொன்னார்கள். நான் 486 வாங்கி உறை பிரிப்பதற்குள் அதுவும் பழசாம்! புதுசு வேண்டுமென்றால் மதர்போர்டை - அதாவது உள்ளே எல்லாம் உட்கார்ந்திருக்கும் பெரிய பலகையையே - மாற்ற வேண்டுமாம். யாரால் முடியும்? நம்மைப் போன்றவர்களுக்காகவே மலிவு சிப்கள் வந்திருக்கின்றன. பழைய போர்டிலேயே உட்கார்ந்து, புது மெஷின் மாதிரி ஓடுமாம். ரிச்சி தெருவில் ஒன்று வாங்கிவிட்டேன்.

மாட்டித்தர வந்தவர் செல்வம். வீடு வீடாகப் போய் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவர். பழைய சிப்பை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்துவிட்டு, அப்புறம் கேட்டார்.

“சார், புது சிப்புக்கு வோல்டேஜ் கம்மி. போர்டுல ஜம்பர மாத்தணும். எதுன்னு புக்குல கீது. புக்கு எங்க சார்?”

ஜம்பர் என்பது துவரம்பருப்பு சைஸில் ஒரு பிளாஸ்டிக் தொப்பி. எதை எங்கே மாட்டுவது என்று போர்டோடு வந்த சின்னப் புத்தகத்தில் இருக்கும். அதைப் போன மாதம்தான் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டேன். அட்டைப்பெட்டி? பத்திரமாகப் பரணில் இருக்கிறது. தெர்மாகோல்? ஒரு மூலைகூட உடையவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படித்தானே? என் மேலேயே எரிச்சல் எரிச்சலாக வந்தது.

“குத்துமதிப்பா போட்டுப் பாக்கலாமா சார்? தப்பாப் பூட்ச்சுன்னா சிப்பு பொகஞ்சிரும். போர்டும் பூடும்.”

“பாருங்களேன்” என்று சொல்லித் தொலைத்தேன்.

ஸ்டெல்லா எழுந்து வந்தாள். “போர்டு போச்சுன்னா சனிக்கிழமைக்கு நான் எதுல அடிக்கறது? இன்னும் இருபது பக்கம் இருக்கு. பழசையே மாட்டிக் குடுத்துடுங்க செல்வம்.”

நெம்பியதில் பழைய சிப்பின் மூன்று கம்பிக் கால்கள் வளைந்திருந்தன. செல்வம் குண்டூசியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். ஸ்விட்சைப் போட்டார். ரொம்ப நேரம் கழித்து... திரையில் எழுத்து வந்தது.

ஸ்டெல்லா உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். “மலர் அச்சுக்குப் போற வரைக்கும் ரெண்டு பேரும் இந்த ரூம்ல கால் வெக்கக் கூடாது.”

அதனால் இந்த வாரப் பத்தியைச் சாப்பாட்டு மேஜையில், பால்பாயின்ட் பேனாவால் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதவு சாத்தியிருக்கிறது. தட்டிப் பார்க்கத் தைரியமில்லை!