எருமைக்கு மூடிய கேட்

எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த நீர்த்தேக்கம்தான் ஒரு காலத்தில் அக்கம்பக்கத்துக்கெல்லாம் குடிதண்ணீர் கொடுத்தது. வேறு பக்கமிருந்து பைப் வந்த பிறகு அதை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். மத்தியானம் தவறாமல் என் எருமையை அதில் இறக்கினேன். எருமை வெயில் தாங்காது. கழுத்தளவு தண்ணீரில் கிடந்தால்தான் சாயங்காலம் ஒழுங்காகப் பால் கொடுக்கும். அந்தப் பாலில்தான் என் வீடு நடந்தது. யாரிடமும் போய் நான் நின்றதில்லை.

எண்பதுகளின் நடுவில் அதைப் பூங்கா ஆக்கினார்கள். கம்பி வேலி, சிமெண்ட் பெஞ்சு, கேட்டில் கொக்குப் படம் போட்ட போர்டு. நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். பறவைகளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று படித்து முடிப்பதற்குள் எருமை பொறுமையிழந்து என் முதுகை முட்டியது.

வாட்ச்மேன் மறித்தான்.

"ஆத்தா, மாடு உள்ள வரக் கூடாது. கொக்கெல்லாம் மிரண்டுரும்."

"ஏலே, இம்புட்டு நாளா கொக்கு எங்கன உக்காந்துச்சு? இவ முதுகுலதான! இவ நடந்தாத்தான் புல்லுல பூச்சி கெளம்பும். அதத் திங்கத்தான் அது வருது."

"அதெல்லாம் ஆபீசருக்குத் தெரியும்."

"அவரு எருமையப் பாத்திருக்காரா?"

"என்னையத்தான் தெனமும் பாக்காரே" என்றான். கேட்டை மட்டும் திறக்கவில்லை.

வேலிக்கு வெளியே வறண்ட ஓடையில் மேய்த்தேன். நாலே நாளில் கொக்குகள் வேலி தாண்டி எருமையிடம் வந்துவிட்டன. உள்ளே ஜனங்கள் பெஞ்சில் உட்கார்ந்து வெறும் கரையைப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. எருமையோ மூச்சிரைத்து நின்றது. குடம் குடமாக ஊற்றினாலும் அந்த உடம்புக்கு எந்த மூலைக்கு? பால் பாதியானது.

ஒரு நாள் பூங்கா சூப்பர்வைசர் வீட்டுக்கே வந்தார்.

"அம்மா, நாளைக்குப் பெரிய அதிகாரி வாராரு. உள்ள ஒரு கொக்கு இல்ல. நாளைக்கு மட்டும் எருமைய உள்ள விடுங்களேன்."

"நாளைக்கு மட்டுமா? தெனமும் மத்தியானம் விடுவீகளா?"

"ரூல்ஸ் எடம் குடுக்காதும்மா."

"அப்ப உங்க அதிகாரியப் பெஞ்சப் பாத்துட்டுப் போகச் சொல்லுங்க."

மறுநாள் எருமையைக் கொட்டிலிலிருந்து அவிழ்க்கவே இல்லை. தகரக் கூரைக்கடியில் அது நாள் முழுக்கத் தவித்தது. நான் சரி என்றிருந்தால் ஒரு மத்தியானமாவது தண்ணீரில் கிடந்திருக்கும். என் வீம்பு அதையும் கெடுத்தது.

கோடை முடிவதற்குள் பால் வற்றிவிட்டது. எரியோடு என்ற ஊர்க்காரர் ஒருவருக்கு எருமையை விற்றேன். "உங்க பக்கம் குளத்துல தண்ணி கெடக்கா?" என்று மட்டும் கேட்டேன். கிடக்கிறது என்றார். நான் போய்ப் பார்க்கவில்லை.