தேடினால் வருகிற முகவரி

என் மாமா காணித் தரகர். தொண்ணூறில், யுத்தத்துக்கு நடுவில், முஸ்லிம்கள் என்பதற்காக மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்கு வந்த எங்கள் ஊர்ச்சனத்தில் பாதிப்பேருக்குக் குந்த ஒரு துண்டு நிலம் பார்த்துக் கொடுத்தவர் அவர்தான். உம்மாவின் மூத்த சகோதரர். வாப்பா மவுத்தான பிறகு எங்கள் வீட்டுக்கும் அவர்தான் பெரியவர். கல்பிட்டி ரோட்டில், டயர் ஒட்டும் கடைக்குப் பக்கத்தில், ஒரு மேசையும் மூன்று கதிரைகளும் உள்ள ஒற்றை அறைதான் அவருடைய கந்தோர்.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் அந்தக் கந்தோர் ஈயோட்டத் தொடங்கியது. காணிக்கு ஆள் இல்லாமல் இல்லை. கல்பிட்டிக் கரையில் ஒரு துண்டாவது வேண்டுமென்று கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் சனம் அலைந்தது. ஆனால் அவர்கள் தேத்தண்ணிக் கடையில் இறங்கி விசாரிக்கவில்லை. வீட்டில் கதிரையில் இருந்தபடியே போனில் தேடினார்கள். தேடினால் கொழும்புக் கம்பனிகள் வந்தன, மாமா வரவில்லை. நாற்பது மைல் சுற்றுவட்டத்தில் எந்தக் கிணற்றில் எந்தத் தண்ணீர் என்று தெரிந்த மனிதர் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் இல்லவே இல்லை.

எனக்கு அந்தத் தொழில் தெரியும். கொழும்பில் ஒரு கம்பனியில் அதைத்தான் செய்தேன். காணி, வீடு விற்கிறவர்களின் பெயரைத் தேடலில் முன்னுக்குக் கொண்டுவருவது என் வேலை. முதல் பக்கத்தில் வராதவன் பிறக்காதவனுக்குச் சமம். இரண்டாம் பக்கத்துக்குப் போகிறவன் காணி வாங்க வந்தவன் இல்லை, பொழுது போகாதவன். உம்மாவுக்குச் சுகமில்லாமல் போனதால் வேலையை விட்டு ஊரோடு வந்திருந்தேன். ஊர் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மாமாவுக்கு முன்னால் புத்தளத்தை ஊர் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

மாமாவின் கந்தோருக்கு, போனில் தேடினால் வருகிற வரைபடத்தில் ஓர் இடம் போட்டேன். காணிகளைப் படம் எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதினேன். எழுதும்போதுதான் சண்டை. முந்தலுக்கு இந்தப் பக்கம் களப்போரமாக, கடல்நீர் ஏறி இறங்குகிற கரையில், ஒரு தென்னங்காணி. நான் காற்றையும் வெளிச்சத்தையும் பற்றி அழகாக நாலு வரி எழுதியிருந்தேன். மாமா வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "மாரியில முழங்கால் மட்டும் தண்ணி நிக்கும் என்டும் போடு மகள்" என்றார்.

"விக்கிற காணிக்கு ஆராவது குறை எழுதுவாங்களா மாமா?"

"வந்து பாத்தாத் தெரியிறத ஒளிச்சி என்னத்துக்கு? பெற்றோல் செலவு ரெண்டு பேருக்கும்தானே."

பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன். பாதை ஒடுக்கம், லொறி போகாது. கிணறு உவர், குடிக்கத் தண்ணீர் வெளியே எடுக்கவேண்டும். காணி உறுதிப் பத்திரத்தில் இரண்டு சகோதரர்கள் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. எல்லாம் போட்டேன். கொழும்பில் இப்படி எழுதியிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

அந்த வரிகள்தான் எங்களைத் தூக்கிவிட்டன. காணி வாங்க நினைக்கிறவன் தேடற்பெட்டியில் தன் ஆசையை எழுதுவதில்லை, பயத்தைத்தான் எழுதுகிறான். தண்ணீர் நிற்குமா, பாதை இருக்கிறதா, உறுதி சுத்தமா என்று கேட்கிறான். கொழும்புக் கம்பனிகளின் பக்கங்களில் சொர்க்கம் இருந்தது, பதில் இருக்கவில்லை. மாமாவின் பக்கத்தில் பதில் இருந்தது. சில மாதங்களில் கல்பிட்டிக் காணி என்று தேடினால் அவர் மேலே வந்தார். போன் அடிக்கத் தொடங்கியது. மாமா உடைந்த சிங்களத்திலும் அதைவிட உடைந்த ஆங்கிலத்திலும் கதைத்து, நாளுக்கு இரண்டு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் காணி காட்டினார். எனக்கு அவரைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

அவருக்கு அந்த வருமானம் தேவைப்பட்டது. கடைசி மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். நல்ல இடம், நல்ல பொடியன். எங்கள் ஆட்களில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கலியாணம் இல்லை. மூத்தவர்கள் இரண்டு பேருக்கும் கொடுத்துக் களைத்திருந்த மாமாவுக்கு மூன்றாவது வீட்டின் அத்திவாரத்தோடு மூச்சு நின்றுவிட்டிருந்தது. போன் அடிக்க அடிக்கச் சுவர் எழும்பியது.

நான் ஒரு யோசனை சொன்னேன். காணி வாங்கியவர்கள் நல்ல வார்த்தை நாலு எழுதி நட்சத்திரம் போட்டால் இன்னும் மேலே வரலாம், ஒவ்வொருவராக, நாள் விட்டு நாள், ஆறுதலாகக் கேளுங்கள் என்றேன். ஆறுதலாக என்பதை அழுத்தித்தான் சொன்னேன். மாமாவுக்கு ஆறுதலாகச் செய்வது வராது. எங்கள் சனத்துக்கே வராது. ஒரே நாளில் வெளியேறி, முகாமில் ஒரே வரிசையில் கிடுகுக் கொட்டில் போட்டு, ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளிய சனம். நல்லது என்றாலும் கெட்டது என்றாலும் எல்லாரும் ஒன்றாகப் போய் நிற்கிற பழக்கம்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் மாமா விசயத்தைச் சொன்னார். அவ்வளவுதான். செருப்பைப் போடுவதற்கு முன்னால் போனை எடுத்தார்கள். போன் இல்லாதவர்கள் மருமகனின் போனில் போட்டார்கள். 'எங்களுக்குக் குந்த நிலம் எடுத்துத் தந்த மனிசன்.' 'ஒரு சதம் கூட எடுக்கல்ல, அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்.' 'என்ட மச்சான்ட சகலன், நல்ல மனிசன்.' ஒரு பெரியவர் ஒரேயொரு நட்சத்திரம் போட்டிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "முதலாம் நம்பர் என்டுதானே போட்ட" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஒரே நாளில் இத்தனை என்றால் சந்தேகப்படுவார்களே என்று பயமும் வந்தது.

பயந்தது நடந்தது. ஒரே இடம், ஒரே பின்னேரம், கும்பலாக நட்சத்திரங்கள். தேடல் கம்பனியின் இயந்திரம் அதைக் கள்ளம் என்று முடிவு கட்டியது. எழுதியவை முழுவதும் அழிந்தன. மாமாவின் கந்தோரும் வரைபடத்திலிருந்து காணாமல் போனது. வந்த கடிதத்தை மாமாவுக்குத் தமிழில் சொன்னேன். இந்த ஆட்கள் உண்மையான வாடிக்கையாளர்கள் என்று நம்ப முடியவில்லையாம் என்றேன்.

"முகாமில என்னோட இரிந்தவங்க உண்மையில்லையாமா?" என்று கேட்டார்.

போன் ஓய்ந்தது. எழும்பிய சுவர் யன்னல் மட்டத்தில் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தரம் வந்து, ஒன்றும் கேட்காமல் சுவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கேட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருக்கலாம்.

நான் முறைப்பாடு எழுதினேன், திருப்பித் திருப்பி எழுதினேன். மனிதர் யாராவது வாசிப்பார்கள் என்று நம்பியது என் மடத்தனம். கடைசியில் ஒரு பதில் வந்தது. இந்த இடத்தில் இந்தத் தொழில் நடக்கிறது என்று காட்ட அரசாங்கப் பதிவு ஒன்று வேண்டும், அதில் கந்தோரின் முகவரியும் நடத்துகிறவரின் முகவரியும் பொருந்தவேண்டும். கேட்க லேசான காரியம். மாமாவைக் கூட்டிக்கொண்டு வியாபாரப் பெயர் பதியப் போனேன். அதற்கு இந்தப் பகுதிக் கிராம சேவகரின் வதிவிடச் சான்று வேண்டுமென்றார்கள். கிராம சேவகர் நல்ல மனிதர், மாமாவை நெடுநாளாகத் தெரிந்தவர். ஆனாலும் கையை விரித்தார். "நீங்க இஞ்ச இரிக்கிறது ஊருக்கே தெரியும். ஆனா உங்கட பேரு மன்னார் வாக்காளர் இடாப்பிலதானே இரிக்கி. நான் எப்படி ஒப்பம் வெக்கிற?"

உண்மைதான். மாமா தன் பதிவை ஊரிலிருந்து எடுக்கவில்லை. எங்கள் ஆட்களில் பலரும் அப்படித்தான். உடம்பு புத்தளத்தில், பெயர் மன்னாரில். பெயரை எடுத்துவிட்டால் திரும்பிப் போகிறவர்களுக்கான வீட்டுத்திட்டம் போகும், ஊர்க்காணியில் உரிமை கேட்க முகம் போகும். எல்லாவற்றையும் விட, எங்களைத் துரத்தியவர்கள் ஆசைப்பட்டதை நாங்களே கையெழுத்து வைத்து நிறைவேற்றியதாகப் போகும். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று மாமி ஏசுவா. அங்கே போனால் நீ புத்தளத்தான் என்பார்கள், இங்கே நீ மன்னாரான் என்பார்கள். இரண்டு கந்தோரிலும் கடைசி வரிசையில் நின்றே மாமாவுக்குத் தலை நரைத்தது. அப்படியும் ஒவ்வொரு நோன்புக்கும், அடுத்த பெருநாள் ஊரில்தான் என்று சொல்லுவார். சிரிக்காமல் சொல்லுவார்.

"விடுங்க மாமா, வேற வழி பாப்பம்" என்றேன். எனக்கு வேறு வழி எதுவும் தெரிந்திருக்கவில்லை. காசு கட்டி விளம்பரம் போடலாம். அதற்கும் அதே முகவரியைத்தான் கேட்டார்கள்.

மாமா சில நாட்கள் கந்தோரைத் திறந்துவைத்துக்கொண்டு சும்மா இருந்தார். பிறகு ஒரு காலையில் வீட்டுக்கு வந்து, "நாளைக்கு ஊருக்குப் போவம். பேர எடுக்கணும்" என்றார். மாமியிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். "அவளுக்குச் சந்தோசமாத்தான் இரிக்கும்" என்றார். ஆனால் அன்றைக்கு மாமி அடுப்படியில் நின்று அழுததை நான் பார்த்தேன். திரும்பிப் போகவே மாட்டேன் என்று அத்தனை காலம் சண்டை பிடித்த மனிசி அழுதா.

மதவாச்சி சுற்றி பஸ்ஸில் போனோம். மாமா ஏறியதும் யன்னலை இழுத்துச் சாத்தினார். மற்ற நாளென்றால் யன்னலால் தெரிகிற ஒவ்வொரு காணிக்கும் விலை சொல்லிக்கொண்டு வருவார். ஊரில் கிராம சேவகர் ஓர் இளம் தமிழ்ப் பெண், என் வயதிருக்கும். மாமாவின் கடிதத்தை வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தா.

"ஐயா, யோசிச்சுத்தான் வந்தனீங்களோ? வெட்டினாப் பிறகு திரும்பப் போடுறது லேசில்லை."

"ஓம், மகள். யோசிச்சுத்தான்."

அவ எழுதத் தொடங்கினா. மாமா நின்றபடியே கையெழுத்து வைத்தார். கதிரை இருந்தது, இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. வெளியே வந்ததும், "உங்கட வளவப் பாத்திட்டுப் போவமா மாமா?" என்று கேட்டேன். பழைய வீட்டு நிலம் காடு மூடிக் கிடந்தாலும் கிணற்றுக்கட்டு இன்னும் இருக்கிறது என்று போய் வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். பஸ் தரிப்பிடத்திலிருந்து கொஞ்சத் தூரம்தான்.

"வேணாம். காணி பாக்கப் போறவன் வாங்க, இல்லாட்டி விக்கப் போவான். நான் என்னத்துக்குப் போற?"

எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. யார் மீது கோபப்படுவதென்று தெரியாததால் திரும்பி வரும் வழியில் கொண்டக்டரோடு மிச்சக்காசுக்குச் சண்டை பிடித்தேன்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. புத்தளத்தில் பதிவு வந்தது, சான்று வந்தது, வியாபாரப் பெயர் வந்தது. தேடல் கம்பனி கேட்ட எல்லாமும் பொருந்தின. மாமாவின் கந்தோர் வரைபடத்தில் திரும்ப முளைத்தது. பழைய இடத்துக்கு ஏற எனக்கு நிறைய நாள் பிடித்தது, ஆனாலும் ஏற்றிவிட்டேன். சுவர் திரும்ப எழும்பியது. கலியாணத்துக்கு நாள் குறித்தார்கள். மாமா மட்டும் அந்த வருட நோன்பில் அடுத்த பெருநாளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு நாள் கந்தோரில் புதிய படங்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கொழும்பிலிருந்து யாரோ, தமிழ் ஆள். களப்போரக் காணியைப் பற்றிக் கேட்டார். மாமா வழக்கம்போல நிற்கிற தண்ணீரைப் பற்றித்தான் முதலில் சொன்னார். அந்த மனிதர் உரத்த குரல்காரர், எனக்கும் கேட்டது. இவ்வளவு விபரம் சொல்றீங்களே, நீங்க அந்த ஊர் ஆள்தானா என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு மாமாவிடம் ஒரு நீண்ட பதில் எப்போதும் இருந்தது. வாப்பா இன்னார், ஊர் மன்னாரில் இன்ன இடம், இஞ்ச சும்மா வந்து இரிக்கிறம் என்று தொடங்குவார். யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும் சொல்லுவார். நான் கையை நிறுத்தினேன்.

"ஓம்" என்றார் மாமா. "புத்தளம்தான்."

கதைத்து முடித்துப் போனை மேசையில் வைத்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"நான் அவருக்குப் பொய் சொல்லல்லதானே மகள்?"

"இல்ல மாமா" என்றேன். "இப்ப அது உண்மைதான்."