முன்வாங்கில் வைத்த கொப்பி

மகள் உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிறாள். அவள் பாடமாக்கியதைக் கொப்பியைப் பார்த்துக் கேட்பது என் வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமை நரம்பிழையம். கதிரையில் இருந்தபடி ஒப்புவித்தாள்: நரம்புக்கலத்துக்கு ஒரு கலவுடல், செய்தியை வாங்கும் குறுங்கிளைகள், அதைக் கொண்டுபோகும் நீண்ட நார். நாரைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை. செய்தி கடத்துவது நரம்புக்கலம். அதைத் தாங்க, ஊட்ட, துப்புரவாக்க வேறு துணைக்கலங்கள். கைகால் நரம்புகளில் உறையைச் சுற்றுகிற சுவான் கலங்களும் அந்தத் துணைக்கலங்களில் ஒரு வகை.

இடையில் நிறுத்தி, "அம்மா, காலுக்கை எறும்பு ஊருற மாதிரிக் கிடக்கு" என்றாள்.

"சோதினை கிட்ட வந்தால் உனக்கு எல்லாம் ஊரும். மற்ற வகையளைச் சொல்லு."

சொன்னாள். ஒன்றும் பிழைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை படியேறக் கால் பாரமாக இருக்கிறது என்றாள். வகுப்பு வாங்கில் நெடுக இருந்தால் அப்படித்தான் என்றேன். புதன் காலை சைக்கிள் மிதிக்க முடியாது, வகுப்புக்குப் போகவில்லை என்றாள். நல்லூரில் அவள் போகும் ரியூசனில், முதலில் கொப்பி வைத்தவருக்குத்தான் முன்வாங்கில் இருக்க இடம். இடம் போய்விடும் என்று நானே ஸ்கூட்டரில் போய்க் கொப்பியை வைத்தேன். திரும்பி வந்து அவளை ஏற்றிக்கொண்டு போவதாக எண்ணம். வந்தபோது குளியலறை வாசலில் நிலத்தில் இருந்தாள். எழும்ப முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டொக்டர் முழங்காலைத் தட்டிப் பார்த்தார். கால் அசையவில்லை. உடம்பின் நோயெதிர்ப்புக் காவலே நரம்பின் உறையைத் தாக்குகிறது, இந்தத் தளர்ச்சி மூச்சுவரை ஏறாமல் பார்க்கவேண்டும் என்றார். அந்த உறை எதனால் ஆனது, யார் சுற்றியது எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது.

எப்போது தொடங்கியது என்று கேட்டார்.

"நேற்றுத்தான்" என்றேன்.

கட்டிலில் கிடந்த மகள் திரும்பிப் பார்த்தாள். "ஞாயிற்றுக்கிழமை, டொக்டர். அம்மா என்னட்டை நரம்பிழையம் கேட்டுக்கொண்டு இருக்கேக்கை."

குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மூச்சுவரை ஏறவில்லை. அவளுடைய சிநேகிதிகள் மூன்று கிழமை அந்த முன்வாங்கில் வேறொருவரையும் இருக்கவிடவில்லையாம். இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறாள். சுவான் கலங்கள் உறையைத் திரும்பச் சுற்றும், ஆனால் மெதுவாகத்தான் என்கிறார்கள். சோதினையை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டோம்.

நாள்தோறும் காலையில் கேட்கிறேன், காலுக்குள் ஏதும் செய்கிறதா என்று. "இல்லை அம்மா" என்கிறாள், பாடம் ஒப்புவித்த அதே குரலில்.

நேற்று அறைக் கதவு பாதி திறந்திருந்தது. வலது உள்ளங்காலைச் சீமெந்து நிலத்தில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், குளிர் தெரிகிறதா என்று சோதிப்பதுபோல. நான் உள்ளே போகவில்லை. என்னைக் கண்டால் நிறுத்திவிடுவாள்.