காப்பாற்றப்பட்ட முப்பத்தைந்தாவது வீடு

1979ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் தேதி, புதன்கிழமை, பகல் இரண்டு மணி இருபது நிமிடம். கத்திரி தொடங்கி ஆறாம் நாள். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. பன்னிரண்டு மணிக்கு வர வேண்டிய கடற்காற்று அன்று இரண்டு மணிக்குத்தான் வந்தது. வந்ததும் பலமாக, கிழக்கிலிருந்து மேற்காக வீசியது. இவ்வளவு துல்லியமாக எப்படிச் சொல்கிறாய் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: நான் மில்லில் டைம்கீப்பராக இருந்தவன். இருபத்தெட்டு வருடம் மற்றவர்கள் உள்ளே வந்த நேரத்தையும் வெளியே போன நேரத்தையும் எழுதியவனுக்கு, தன் வீடு போன நேரத்தை எழுதி வைக்கத் தெரியாதா?

காலை ஷிப்ட் முடிந்து சைக்கிளில் எங்கள் பேட்டையான உப்பளத்துக்குத் திரும்பும்போது புகையைப் பார்த்தேன். எங்கள் வரிசை என்று தெரிந்துவிட்டது. வாய்க்காலை ஒட்டிக் கிழக்கு மேற்காக நாற்பத்தாறு கூரை வீடுகள். என்னுடையது கிழக்கிலிருந்து பன்னிரண்டாவது. அதற்கும் பதின்மூன்றாவது வீட்டுக்கும் நடுவில் தெருக்குழாய்க்குப் போகிற ஆறடிச் சந்து. பிரெஞ்சுப் பள்ளியில் பிரெவே பரீட்சை தேறியவன் கூரை வீட்டில் இருப்பானா என்று அந்தக் காலத்திலேயே கேட்டவர்கள் உண்டு. இருந்தேன். சம்பளம் முந்நூற்றுப் பத்து ரூபாய். இரண்டு பெண் பிள்ளைகள். ஓடு போடச் சேர்த்த பணத்தில் அந்த வருடமும் கீற்றுதான் போட முடிந்தது. ஏப்ரல் இருபதாம் தேதி, தொள்ளாயிரம் கீற்று. பத்தொன்பது நாள்தான் அதன் கீழே தூங்கினோம்.

நடந்ததைப் பிறகு ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதி வைத்தேன். மூன்றாவது வீட்டில் ஒரு பெண் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள். ஒன்று ஐம்பதுக்குத் தீ கூரையைப் பிடித்தது. காற்று வருவதற்கு முன்பே கிழக்கே இருந்த இரண்டு வீடுகளும் பற்றிக்கொண்டன. பக்கத்தில் போன் இருந்தது சாராயக்கடையில் மட்டும்தான். ஒன்று ஐம்பத்திரண்டுக்கு அங்கிருந்து பேசினார்கள். பயர் வண்டி வந்தது இரண்டு பன்னிரண்டுக்கு. இருபது நிமிடம். வண்டியில் இருந்த தண்ணீர் ஏழு நிமிடத்தில் தீர்ந்தது. வாய்க்காலில் சேறுதான் இருந்தது. தண்ணீர் பிடித்து வர வண்டி திரும்பிப் போனது. நான் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதாவது வீடு எரிந்துகொண்டிருந்தது. நீளமான கொக்கிக் கழிகளைப் பிடித்துக்கொண்டு இரண்டு காக்கிச் சட்டைக்காரர்கள் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கிழவர் கத்திக்கொண்டிருந்தார்.

அவரை வரிசையில் எல்லோரும் பொம்பியே என்றே கூப்பிடுவார்கள், பிரெஞ்சில் தீயணைப்புக்காரர். பிரெஞ்சுக்காரன் காலத்துத் தீயணைப்புப் படையில் இருந்தவர். அந்தப் படையில் பித்தளைத் தொப்பி, கித்தான் வாளிகள், பக்கத்துக்கு நான்கு பேர் நின்று அடிக்கிற கைப்பம்பு எல்லாம் இருந்தன. பம்பை ஆட்களே இழுத்துக்கொண்டு ஓடுவார்களாம். ஜூலை பதினாலு அணிவகுப்பில் அவர் தொப்பிதான் எல்லாவற்றிலும் அதிகமாக மின்னியது என்பதை மட்டும் என்னிடம் ஒன்பது தடவை சொல்லியிருக்கிறார்.

"வண்டி வர வரைக்கும் தாங்காது. அந்தப் பன்னண்டாவது கூரையப் பிரி!" என்றார், என் வீட்டைக் காட்டி.

"தாத்தா, ஓரமா போங்க. ஆபீசர் வரட்டும்" என்றான் காக்கிச் சட்டைக்காரன் ஒருவன்.

"ஆபீசர் வரதுக்குள்ள வாய்க்கா முச்சூடும் வெந்துடும். கூரத் தீக்குத் தண்ணி ஊத்தறவன் மடையன். அது தின்ன எதிர்ல ஒண்ணும் இல்லாம பண்ணணும். முப்பது வருசம் இதே வேலதாண்டா பாத்தேன். கழியக் குடு இப்பிடி."

நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். "பெரியவரே, உங்க வீட்டப் பிரிக்கச் சொல்றதுதானே?"

"என்னுது இருபதாவது, முசியே. என்னுதப் பிரிச்சா உம்முதோட சேத்து எட்டு வீடு போவும். உம்முதப் பிரிச்சா சந்தும் சேந்து இருபத்தோரு அடி கெடைக்கும். கணக்கு உமக்குத் தெரியாததா?"

கணக்கு எனக்குத் தெரிந்தது. அதுதான் இன்று வரைக்கும் என்னை அரிக்கிறது. அவர் சொன்ன கணக்கில் ஒரு பிழையும் கிடையாது. நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி ட்ரங்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"பிரிக்கட்டும், வுடுங்க. பிரிக்கலன்னா மட்டும் நிக்கவா போவுது?" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவர்களைப் பார்த்து, "பிரிங்கப்பா, சீக்கிரம் பிரிங்க" என்றாள்.

பதினொரு நிமிடம். கொக்கியில் கிழிந்து வந்த கீற்றை வாய்க்கால் சேற்றோரம் கொண்டுபோய்க் குவித்தார்கள்; மறுபடி கூரையில் போட ஒன்றும் தேறாது. கடைசியில் முகட்டு விட்டத்தைக் கொக்கியில் மாட்டி இழுத்தார்கள். அது கிழக்குச் சுவரையும் சாய்த்துக்கொண்டு விழுந்தது. அலமாரிக் கண்ணாடி நொறுங்கியது. பதினொன்றாவது வீடு எரிந்து முடிந்தது. தீ என் வீட்டு வாசலில் வந்து நின்று, தாண்டிப் போக வழியில்லாமல், இரண்டு நாற்பத்தெட்டுக்கு அடங்கியது. மேற்கே முப்பத்துநான்கு வீடுகள் அப்படியே நின்றன. சாயங்காலம் அந்த முப்பத்துநான்கிலும் உலை வைத்தார்கள். ஒரு வீட்டிலிருந்தும் எங்களுக்குச் சோறு வரவில்லை. எரிந்துபோன பதினொரு வீட்டுக்காரர்களுக்கு வந்தது.

மறுநாள் காலை நிவாரணக் கணக்கு எடுக்க வந்தார்கள். எரிந்த வீட்டுக்கு முந்நூறு ரூபாய், பத்துக் கிலோ அரிசி, ஒரு வேட்டி, ஒரு புடவை. மழைக்காலத்துக்குள் கூரை போட எனக்கு அந்த முந்நூறு வேண்டும். இல்லையென்றால் ஐப்பசி மழையில் சுவரும் கரைந்து போகும். பட்டியல் எழுதியவர் என் வீட்டு வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

"கரி காணமே? எரியலியா?"

"பிரிச்சாங்க. தீ பரவாம இருக்க."

"பிரிச்சதுக்கு இதுல கட்டம் இல்லீங்களே" என்று பலகையைத் திருப்பிக் காட்டினார். மூன்று கட்டங்கள்: முழுவதும் எரிந்தது, பாதி எரிந்தது, ஆள் சேதம். நான் நான்காவது கட்டம் ஒன்றைக் கோடு போட்டுக் காட்டினேன். சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

மூன்றாம் நாள் பொம்பியே வந்தார். பிரெஞ்சுக்காரன் காலத்தில் பிரித்த கூரைக்குத்தான் முதலில் பணம் கொடுப்பார்கள் என்றார். உண்மையோ பொய்யோ, கேட்டு உறுதி செய்துகொள்ள அந்தப் படையில் இருந்தவர் வேறு யாரும் மிச்சமில்லை. மனுவை அவரே எழுதித் தருவதாகச் சொன்னார். இரண்டு பக்கம், நல்ல கையெழுத்து, அத்தனையும் பிரெஞ்சில். பிரிக்கச் சொன்னது தாமே என்று எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டார். அந்த மொழியில் எழுதினால் இன்னும் எழுந்து நின்று வாங்குவார்கள் என்பது அவர் நம்பிக்கை. படித்தவன் நான், எனக்காவது புத்தி இருந்திருக்க வேண்டும். அதை அப்படியே நிவாரண ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

குமாஸ்தா சின்ன வயசுக்காரர். தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். "இன்னா சார், மருந்துச் சீட்டா?"

படித்துச் சொல்லக்கூடியவர் லீவில் இருந்தார். இரண்டாம் முறை போனபோதும் லீவு. மூன்றாம் முறை நான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு முறைக்கும் அரை நாள் சம்பளம், ஐந்தரை ரூபாய் வெட்டு. அந்த வெட்டை ரிஜிஸ்தரில் என் கையாலேயே எழுத வேண்டும். நான்காம் முறை குமாஸ்தா தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்த அறிக்கையை எடுத்து, இரக்கத்தோடுதான், எனக்குக் காட்டினார்.

"எரிந்த வீடுகள் 11. காப்பாற்றப்பட்ட வீடுகள் 35."

"முப்பத்துநாலு" என்றேன்.

"நாப்பத்தாறுல பதினொண்ணு போனா முப்பத்தஞ்சு சார்."

"என்னுது நிக்கலியேப்பா!"

"எரியலியே சார். எரியாததெல்லாம் காப்பாத்துனதுதான். உங்க வீடு காப்பாத்தின கணக்குல இருக்குது."

வாழ்நாளில் எந்தக் கழித்தலும் என்னை அப்படி அடித்ததில்லை. அப்போது நாங்கள் நாற்பத்தைந்து ரூபாய் வாடகையில் ஒரு ஒற்றை அறையில் இருந்தோம். நான்கு பேரும் ஒரே பக்கமாகத் திரும்பிப் படுத்தால்தான் இடம் போதும். காப்பாற்றப்பட்டவர்கள் நாங்கள்.

ஆகஸ்டில் பதின்மூன்றாவது வீட்டுக்காரர் யோசனை சொன்னார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். சந்துக்கு அந்தப் பக்கம் முழுசாக நின்ற முதல் வீடு அவருடையது. "எரியலன்றதுதான ஒரே கொறச்சலு, டைம்கீப்பரே? அந்தக் கீத்துக் குவியல உம்ம வீட்டுக்குள்ள போட்டு ஒரு மூலையில கொஞ்சம் வச்சு வுடும். சுவத்துல கரி ஏறுனா போதும். பாதி எரிஞ்சதுன்னு எழுதிக்குவான். பாதிக்கு நூத்தம்பது வருமில்ல?"

பன்னிரண்டு நாள் யோசித்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, இரண்டு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மேற்குச் சுவரோரம் ஒரு கைப்பிடி கீற்றில் தீ வைத்தேன். காற்று இல்லை. சுவர் கறுத்ததும் அணைத்துவிடுவது என் திட்டம். ஆனால் கூரை வரிசையில் புகை வந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. "நெருப்பு! நெருப்பு!" என்று ஒரு குரல். அந்த முப்பத்துநான்கு வீட்டு வரிசையிலிருந்து குடத்தோடு ஓடி வந்தார்கள். மே மாதம் ஒரு குடம் ஊற்றாதவர்கள். எண்ணினேன், பத்தொன்பது குடம். முதல் குடத்தை ஊற்றியவர் யோசனை சொன்ன மூட்டைக்காரர்.

"அறிவு இருக்காய்யா உனுக்கு? புள்ளகுட்டிங்க இருக்கிற எடம்!" என்று என்மேல் பாய்ந்தார்.

"நீதானய்யா சொன்ன?"

"சொன்னா? வக்கிற அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லிட்டு வக்கிறதில்ல?"

அதற்குள் யாரோ சாராயக்கடைக்கு ஓடியிருந்தார்கள். அன்று பயர் வண்டி ஒன்பது நிமிடத்தில் வந்தது, தொட்டி நிறையத் தண்ணீரோடு. இறங்கிய காக்கிச் சட்டைக்காரன் மே மாதம் கழி பிடித்து நின்றவன். கறுத்த சுவரைப் பார்த்தான், இரண்டு வாளியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ஏன் சார்? படிச்சவரு நீங்க."

எழுதிக்கொண்டு போனான். உரிமையாளரே வைத்த தீ என்று. பொய் இல்லை. அந்தத் தாள் என் மனுவோடு போய்ச் சேர்ந்துகொண்டது. போலீசுக்கு எழுதாமல் விட்டதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்றார் குமாஸ்தா. இன்னும் இரண்டு அரை நாள் அலைந்த பிறகு, செப்டம்பரில் மனு தள்ளுபடி ஆனது. பிரிங்கப்பா என்று மே மாதம் சொன்னதற்காக என் மனைவி வருத்தப்பட்டதே இல்லை. அதை நான் அவளிடம் எத்தனை முறை கேட்டிருக்கிறேன் என்பதை மட்டும் எண்ணவில்லை.

மில்லில் முன்பணம் வாங்கி அக்டோபரில் கூரை போட்டேன். வேலை நடக்கும்போது பொம்பியே ஒரு கைவண்டியில் ஐம்பது கீற்று கொண்டுவந்தார். முப்பத்துநான்கு வீட்டில் வந்தவர் அவர் ஒருவர்தான்.

"வச்சுக்கும் முசியே. என் பென்சன்ல வாங்கினது."

"காப்பாத்தின வீட்டுக்குக் கீத்து எதுக்கு, பெரியவரே? எடுத்துட்டுப் போங்க."

கீற்றின் மேல் கட்டியிருந்த கயிற்றை இறுக்கினார். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு, மேற்கே எட்டு வீடு தள்ளி, அவர் வாசலில் இறக்கி வைத்தார். அந்தக் கீற்று இரண்டு மழைக்காலம் அங்கேயே கிடந்து மக்கியது. தினமும் அதைத் தாண்டித்தான் மில்லுக்குப் போனேன். எண்பத்திரண்டில் அவர் செத்தார். அவரை எடுத்தபோது நான் தூரத்தில் நின்றேன்.

இன்று அந்த வரிசை முழுவதும் மாடி. வாய்க்கால் இன்னும் நாறுகிறது. அந்த வருடத்துக் கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது. கீற்று தொள்ளாயிரம், நூறு கீற்றுக்கு முப்பது ரூபாய் வீதம். அதில் ஐம்பது நான் வாங்கியிருக்க வேண்டாதவை. மூங்கில், கயிறு, ஆள் கூலி. சாய்ந்த சுவர். கண்ணாடி. ஐந்து மாத வாடகை. ஆறு அரை நாள் சம்பளம். முத்திரையும் தாளும் ஏழு ரூபாய் நாற்பது காசு. காப்பாற்றப்பட்டதற்கு நான் கொடுத்தது, மொத்தம் ஆயிரத்துத் தொண்ணூற்றாறு ரூபாய் நாற்பது காசு.