பங்குனி உத்திரத்துக்கு எந்தக் கோயில்?

சைட் சூப்பர்வைசராக இருந்த காலமெல்லாம் நான் கட்டிய வீடுகளுக்குள் செருப்போடுதான் நடந்திருக்கிறேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வாங்க வந்தவனாக நின்றது ஒரே ஒரு தடவை. ரிட்டையர் ஆன பிறகு, பாளையங்கோட்டைக்கு வெளியே வாய்க்காலை ஒட்டி நாங்கள் கட்டிய வரிசை வீடுகளில். என் கடைசி சைட் அது.

பூச்சுவேலை முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டையும் திறந்து வைப்பது எங்கள் முதலாளியின் வழக்கம். ஷாமியானா, காபி, இலைத் துண்டில் சூடான அல்வா. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று நோட்டீஸ் அடிப்பார்கள். யார் வேண்டுமானாலும்! அதை நம்பித்தான் என் மனைவி சரோஜாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கல்யாணமான நாளிலிருந்து, ஆணி அடிக்காதே என்று வீட்டுக்காரர்கள் சொன்ன சுவர்களுக்குள்ளேயே குடித்தனம் நடத்தியவள் அவள்.

மூலை வீட்டு அடுக்களைக்குள் நுழைந்தவள் வெளியே வரவேயில்லை. குழாயைத் திறந்து பார்த்தாள். மேடையில் கையை ஊன்றி, "கிரைண்டர் இங்கன இருக்கட்டும். மேடை எனக்குன்னே போட்ட மாதிரி இருக்கு" என்றாள். அவளுக்குத்தான் போட்டேன். டிராயிங்கில் இருந்ததைவிட உயரத்தை ஒரு இஞ்ச் குறைத்திருந்தேன். இன்ஜினியர் கேட்டபோது வாய்க்கு வந்த காரணத்தைச் சொல்லிச் சமாளித்தேன்.

விற்பனைக்கு நின்ற பையன் புதுசு, என்னைத் தெரியாது. அல்வாவை நீட்டி, சொந்த ஊர் விசாரித்தான். பிறகு சரோஜாவிடம் ரொம்ப மரியாதையாக, "பங்குனி உத்திரத்துக்கு எந்த சாஸ்தா கோயிலுக்குப் போவிய அம்மா?" என்றான்.

வெளியூர்க்காரர் கேட்டால் பக்தி என்று நினைப்பார். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டு. அதைச் சொன்னால் ஆள் யாரென்று தெரிந்துவிடும், சாதியை வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. எனக்குச் சுருக்கென்றது. அவளோ வீடு கிடைத்த சந்தோஷத்தில் கோயில் பெயரையும், சொந்தக்காரர்கள் எல்லாரும் வேன் பிடித்துப் போவதையும், அங்கே வைக்கிற பொங்கலையும் விடாமல் சொல்லி முடித்தாள்.

பையன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். திரும்பி வந்து, மூலை வீட்டுக்கு இப்போதுதான் அட்வான்ஸ் வந்தது என்றான். மற்ற வீடுகள்? எல்லாமே பேசி முடிந்துவிட்டதாம். பக்கத்து வீட்டில் வேறொரு குடும்பத்திடம், எது பிடிக்குதோ எடுத்துக்கிடுங்க என்று இன்னொருவன் சொல்லிக்கொண்டிருந்தது எங்கள் காதில் விழுந்தது.

முதலாளியே வந்துவிட்டார். என் தோளில் கை போட்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்திருக்கலாம்லா வே. எனக்கு ஒண்ணுமில்ல. முன்னாடியே அட்வான்ஸ் போட்டவங்க, பக்கத்துல யாரு வாரான்னு கேக்காங்க."

வேறு பக்கம் நல்ல மனையாகப் பார்த்துத் தருவதாகவும் சொன்னார். பழக்கதோஷம், தலையை ஆட்டினேன். அதோடு விட்டாரா?

"வந்ததும் வந்தீரு, பைய மாடிக்குப் போயி வடக்கு மூலையப் பாத்துட்டுப் போரும். சுவர்ல ஈரம் ஊறி ஓதம் காட்டுது."

வெட்கக்கேடு, என் கால் படிப்பக்கம் திரும்பிவிட்டது. சரோஜா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். சத்தம் போடவில்லை.

"ஓதம் பாக்கப் போறதுக்கு எந்த சாஸ்தான்னு கேக்கலியே அண்ணாச்சி?"

அவர் போனைப் பார்க்க ஆரம்பித்தார். நாங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினோம்.

ஐப்பசி மழையில் அவர் திரும்பத் திரும்ப போன் செய்தார். நான் எடுக்கவில்லை. இப்போது சைட்டில் நிற்கிற தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். உங்களைத் தட்டிக்கொடுத்து வேலை வாங்குகிறவன், உங்களைப் பக்கத்து வீட்டில் குடிவைப்பான் என்று நினைத்துவிடாதீர்கள். நான் நினைத்தேன்.

இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். இந்த வீட்டு அடுக்களை மேடை அவளுக்கு உயரம் கூடுதல். பலகை போட்டு ஏறி நின்றுதான் மாவாட்டுகிறாள்.