யார் வைத்த குழம்பு

எம். புதுப்பட்டியில் நான் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனிக்கு வேலுத்தாய் அக்காதான் போர்மேன். வளையலையும் ஊக்கையும் வாசலிலேயே கழற்றச் சொல்லி அவள் போடும் சத்தத்தில், முதலாளியே ஒருமுறை தன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தாராம்.

அவள் கணவர் தங்கச்சாமிக்கு மத்தியானத்துக்கு மேல்தான் லோடு ஏற்றும் வேலை. அதனால் பதினோரு வருடமாகக் காலைச் சமையல் அவருடையது. பக்கத்து வீட்டுக்காரியான எனக்கு மட்டும் இது தெரியும். மற்றவர்கள் வெளியூரிலிருந்து வேனில் வருகிறவர்கள். சாப்பாட்டு நேரத்தில் அவள் கொண்டுவரும் கருவாட்டுக் குழம்புக்குக் கை நீட்டி, "யக்கா கைப்பக்குவமே தனி" என்பார்கள். அவள் மறுத்ததே இல்லை. ஷெட்டையே அதட்டுகிறவளுக்கு இதில் என்ன கூச்சமோ, எனக்குப் பிடிபடவே இல்லை.

மகளிர் தினத்துக்குச் சாதனைப் பெண் என்று அவளைப் படம் பிடிக்க டிவிக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். தங்கச்சாமி சவரம் செய்து, புது வேட்டி கட்டி, விடியலிலேயே குழம்பு வைத்துவிட்டார். தன் குழம்பு டிவியில் வரப்போகிறது என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

"நீங்க உக்காருங்க சார், அம்மா பரிமாறட்டும். வேலையோட வீட்டையும் பார்த்துக்கறாங்கன்னு காட்டணும்" என்றாள் பேட்டி எடுக்க வந்த பெண். கரண்டி கை மாறியது. உப்புப் போடச் சொன்னார்கள். வேலுத்தாய் மூன்று டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

இலை முன்னால் உட்கார்ந்திருந்தவருக்குப் பொறுக்கவில்லை. "மேல்தட்டுல இருக்கு, வேலு."

அதை வெட்டிவிட்டு மறுபடி எடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் சேர்ந்துதான் பார்த்தோம். டிவியில் அவள் பரிமாறினாள், அவர் சாப்பிட்டார். கடைசிவரை பார்த்துவிட்டு, "நா வச்சதுன்னு ஒரு வார்த்தகூட வரலையே" என்று எழுந்து போனார். எனக்கு டிவிக்காரர்கள் மேல் எரிச்சலாக வந்தது. வேலுத்தாய் யாரையும் திட்டவில்லை.

மறுநாள் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில், வேனில் வருகிற பாண்டிமீனா கையை நீட்டினாள். "யக்கா, டிவியில வச்சீகளே, அதே கொளம்பா?"

வேலுத்தாய் மூடியைத் திறந்து தூக்குச்சட்டியை அவள் பக்கம் நகர்த்தினாள். "நா வைக்கலத்தா. எங்க வீட்டுக்காரரு வச்சது. பதினோரு வருசமா அவுகதான் வைக்காக."

பாண்டிமீனா ஒரு வாய் தின்றாள். "அப்ப அண்ணன்கிட்ட கேட்டுச் சொல்லுங்கக்கா, புளி எம்புட்டுப் போடுவாகன்னு."

அடுத்த நாள் காலையில் தங்கச்சாமி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, நான் கேட்காமலே சொன்னார்: "பெரிய நெல்லிக்கா அளவு போதும், தாயி."