வாசல் வழியாக வந்த முகூர்த்தச் சேலை

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை வீட்டார் என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நான் அவருக்கு நேர் இளையவள். "நீ எழுதினா ரெண்டு பொய் சேத்துத்தான் எழுதுவ" என்று சொல்லியிருப்பார். சேர்க்கவில்லை.

அக்கா பிறந்தது திருமழபாடியில், கொள்ளிடக் கரையோரம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் தையல் பழகினார். முதலில் தைத்த கவுன் எனக்குத்தான். கழுத்தில் தலை நுழையவில்லை. அடியைச் சேர்த்துத் தைத்து, கைப்பிடி வைத்து, "இது பைக்குன்னு வெட்டின துணிதான்" என்று சாதித்துவிட்டார். அந்தப் பையில்தான் நான் புத்தகம் கொண்டு போனேன்.

ஆலத்தியூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டார். அத்தானுக்கு சிமெண்ட் ஆலையில் வேலை. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம் அத்தான் மாரடைப்பில் போய்விட்டார். அப்பா ஊருக்கே வந்துவிடச் சொன்னபோது, "மிஷின் இருக்குப்பா, இங்கயே இருந்துக்கறேன்" என்றார் அக்கா. பாவாடை, நைட்டி, பள்ளிச் சீருடை எல்லாம் வீட்டிலேயே தைத்தார். சிமெண்ட் சாக்கைக் கழுவிக் காயவைத்து, பழைய சேலையை உள்துணியாகக் கொடுத்து அவர் தைத்த பைகள் அரியலூர் சந்தை வரை காய்கறி சுமந்தன.

கல்யாணத் துணி மட்டும் அவரிடம் வராது. தாலி இழந்தவர் கை முகூர்த்த ரவிக்கையில் படக் கூடாதாம். சாக்குப் பைக்குச் சகுனம் பார்க்காதவர்கள் ரவிக்கைக்குப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அக்கா ஒரே ஒரு முறை சொன்னார்: "இந்தக் கையாலதான அவங்க புள்ளைங்களுக்குச் சட்டை தச்சுக் குடுத்தேன். அப்ப ஒண்ணும் ஆவலையே." ஒரு முகூர்த்த ரவிக்கையாவது தன் மிஷினில் ஏற வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் கேட்டு வாங்க மாட்டார்.

ஒரு வைகாசியில் நான் அங்கே போயிருந்தபோது, எதிர்வீட்டம்மா கொல்லைப்புறமாக வந்தார். மறுநாள் அவர் மகளுக்குக் கல்யாணம். டவுனில் தைத்து வந்த முகூர்த்த ரவிக்கையில் கொக்கி எட்டவில்லை.

"கொஞ்சம் பிரிச்சு மட்டும் குடுங்கக்கா. யாருக்கும் தெரிய வேணாம்."

அக்கா மிஷினை நிறுத்தவில்லை. "தரேங்க. ஆனா வாசல் வழியா வாங்க. சேலையும் ரவிக்கையும் தட்டுல வெச்சு, வெத்தல பாக்கோட கொண்டாங்க. மத்தவங்களுக்கு அப்படித்தான குடுப்பீங்க?"

அந்த அம்மா வந்த வழியே திரும்பிப் போனார். "பாவம், பொண்ணு என்னக்கா பண்ணும்?" என்றேன். "வருவாங்க. நீ போயி சாம்பாரை எறக்கு" என்றார்.

வந்தது மணப்பெண். நலங்கு மஞ்சள் முகத்தோடு, கையில் தட்டோடு, தெருவே பார்க்க வாசலில் நின்றாள். "என்னோட ரவிக்கை அத்தை. நானே கொண்டாந்துட்டேன்." தாயும் பின்னாலேயே ஓடி வந்தார்.

ரவிக்கையைப் புரட்டிப் பார்த்தார் அக்கா. உள்ளே விட வேண்டிய துணியை ஒட்ட வெட்டியிருந்தார்கள்; பிரிக்க ஒன்றுமில்லை. "சேலையில உள்ள சொருகுற பக்கம் ஒரு துண்டு வெட்டி ஒட்டுக் குடுக்கணும். வெளிய தெரியாது. வெட்டவா?" என்றார்.

முகூர்த்தச் சேலையில் கத்திரி, அதுவும் அக்காவின் கையால். தாயின் முகம் வெளுத்துவிட்டது. பெண்ணோ சேலையை விரித்துத் தானே இழுத்துப் பிடித்துக்கொண்டு, "வெட்டுங்க அத்தை" என்றாள்.

அக்கா கக்கத்தில் ஒட்டுக் கொடுத்துத் தைத்தார். ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. கல்யாணம் சிறப்பாக நடந்தது. அந்தப் பெண் பெரம்பலூரில் பிள்ளைகுட்டிகளோடு நன்றாக இருக்கிறாள். பிறகு ஆடியும் மார்கழியும் தவிர முகூர்த்தத் துணி வராத மாதமே அக்காவுக்கு இல்லை.

கர்ப்பப்பையில் கட்டி என்று திருச்சியில் வைத்தியம் பார்த்தோம். முடி கொட்டியதும் தனக்கு ஒரு துணித் தொப்பி தைத்துக்கொண்டார். பக்கத்துப் படுக்கைப் பெண்கள் கேட்க, அவர்களுக்கும் தைத்தார். தொப்பி போட்ட அந்தப் பெண்களைப் பார்த்து நர்ஸம்மாவே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் எனக்கு இப்போது அழுகை வருகிறது.

அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று, வாசலில் நிற்க இடமில்லை. தட்டில் கோடிச் சேலையோடு வந்த ஒரு பெண்ணிடம் யாரோ, "கொல்லைப் பக்கமா வாம்மா" என்றார்கள். "இந்த வூட்டுக்குள்ள நான் வாசல் வழியாத்தான் வருவேன்" என்றாள் அவள். அந்த மணப்பெண்தான். பிறந்த வீட்டுக் கோடிதான் முதலில் விழ வேண்டும் என்று ஒரு பெரியவர் முணுமுணுத்தார். பிறந்த வீட்டுக் கோடி என் கையில் இருந்தது. "அவ மொதல்ல போடட்டும்" என்று நகர்ந்து நின்றேன்.

வைத்தியத்துக்குத் துணை நின்றவர்கள், ரத்தம் கொடுத்த தெருப் பிள்ளைகள், சோறு கொண்டுவந்து கொடுத்த அண்டை வீட்டார் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இந்த நினைவு மலரை வைத்துக் கொடுத்திருக்கும் பை, அக்காவின் மகள் அதே மிஷினில் தைத்தது. அவளுக்கு அம்மாவைவிடக் கை வேகம், வாயும் அப்படியே. முகூர்த்தத் துணி கொண்டு வருகிறவர்கள் வரலாம். வாசல் திறந்துதான் இருக்கிறது.